மலிவு கிட்டாரும் ரொட்டி டின்னும்

1971-ஆம் ஆண்டு சிகாகோவில் வெளியான இசைத்தட்டு ஒன்றை நான் அடிக்கடி கேட்பேன். பாடியவர் பெயர் ஹவுண்ட் டாக் டெய்லர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டால், பாட்டுக்கு முன்னால் ஒரு கரகரப்புதான் காதில் விழும். தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டால் எப்படி இரையும், அப்படி ஒரு சத்தம். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தால்தான் அப்படி வரும்.

பத்து ஆண்டுகளுக்கு மேலாக வானொலியில் அறிவிப்பாளராக இருக்கிறேன். எங்கள் ஸ்டூடியோவில் இப்படி ஒரு சத்தம் கேட்டால், கை தானாகவே நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடும். "கேபிள் லூசா இருக்கு, பாருங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். ஊடகப் படிப்பில் எங்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்த பாடம், இரைச்சலைக் குறை, குரலைத் தெளிவாக்கு என்பதுதான். ஆனால் டெய்லரின் இசைத்தட்டில் அந்தக் கரகரப்பை யாரும் துடைத்து எடுக்கவில்லை. அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் மக்கள் அதைத் தேடிப் போய்க் கேட்கிறார்கள்.

ஏன் என்று யோசித்துக்கொண்டே போனதில்தான், மலிவான கிட்டார்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது என் சொந்த வேலையிலும் ஒருநாள் கைகொடுத்தது. அந்தக் கதைக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

ஆறு விரல் டெய்லர்

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. இன்றைய ராக் இசைக்கு அதுதான் தாய்வீடு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த மக்கள் இலட்சக்கணக்கில் தெற்கை விட்டு வடக்கு நகரங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மூட்டை முடிச்சோடு பாட்டும் கூட வந்தது. கிராமத்துத் திண்ணையில் கேட்ட பாட்டு நகரத்து மதுக்கடையின் கூச்சலில் எடுபடவில்லை. அதனால் கிட்டாருக்கு மின்சாரம் தேவைப்பட்டது.

தியோடர் ரூஸ்வெல்ட் டெய்லர் என்ற ஹவுண்ட் டாக் டெய்லர், 1915-ல் மிசிசிப்பி மாநிலத்தின் நேட்செஸ் என்ற ஊரில் பிறந்தவர். இடக்கையில் அவருக்கு ஆறு விரல்கள். ஆறாவது விரல் அசையாது. கிட்டார் வாசிக்க அதனால் ஒரு பயனும் இல்லை. 1942-ல் சிகாகோவுக்கு வந்தார். பகலில் கிடைத்த வேலை, இரவில் வாசிப்பு என்று பல ஆண்டுகள் ஓட்டினார். 1957 வாக்கில்தான் இசையையே முழுநேரப் பிழைப்பாக்கிக்கொண்டார்.

அவர் கையில் இருந்தது ஜப்பானில் தயாரான மலிவு மின்கிட்டார். டெய்ஸ்கோ, கவாய், கிங்ஸ்டன் என்று பல பெயர்களில் அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து இறங்கிய வகை. பார்வைக்குப் பகட்டாக இருக்கும். பளபளக்கும் தகடும், வரிசையாகச் சுவிட்சுகளும், மூன்று நான்கு பிக்கப்புகளும் இருக்கும். விலையோ குறைவு. அவருடைய ஆம்பிளிஃபயர், சியர்ஸ் கடையில் விற்ற சில்வர்டோன். அதன் ஒலிபெருக்கிகள் வெடித்துப் போனவை. விரலில் மாட்டிக்கொண்டு தந்திமேல் சறுக்கும் உலோகக் குழாயையும் அவர் கடையில் வாங்கவில்லை. சமையலறை நாற்காலியின் இரும்புக் காலை அறுத்து, உள்ளே பித்தளை வைத்துச் செய்துகொண்டது.

குழுவில் மூன்றே பேர். பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடையாது. புரூவர் பிலிப்ஸ் என்பவர் தன் கிட்டாரின் கீழ்த்தந்திகளிலேயே அந்த வேலையையும் பார்த்துவிடுவார். டெட் ஹார்வி டிரம்ஸ். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் சிகாகோவின் தென்பகுதியில் ஃப்ளோரன்ஸ் என்ற சின்ன மதுக்கடையில் வாசிப்பார்கள். வேலைக்குப் போய் வாரம் முழுக்கக் களைத்த மக்கள் ஆடுவதற்காக வரும் இடம் அது.

தபாலில் வந்த கிட்டார்

டெய்லர் தனியாள் இல்லை. ப்ளூஸ் வரலாற்றில் எந்தப் பெரிய பெயரைத் தொட்டாலும், எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு மலிவுக் கிட்டார் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.

மடி வாட்டர்ஸ் தன் முதல் கிட்டார் வாங்கிய கதையை ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். வீட்டில் மிச்சமிருந்த கடைசிக் குதிரையை ஏறக்குறைய 15 டாலருக்கு விற்றார். பாதியை வளர்த்த பாட்டியிடம் கொடுத்தார். தன் பங்கிலிருந்து சுமார் இரண்டரை டாலருக்கு ஸ்டெல்லா என்ற கிட்டாரை வாங்கினார். சிகாகோவின் சியர்ஸ் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டு ஊர் மக்கள் அந்த வகைக் கிட்டார்களை வரவழைத்துக்கொள்வார்களாம்.

இன்று நாம் கைப்பேசியில் பொருள் பார்த்து வாங்குவதுபோல், அன்று அமெரிக்கக் கிராமங்களில் சியர்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியல் புத்தகம். உழவுக் கருவி, தையல் இயந்திரம், சட்டை, கிட்டார் எல்லாம் ஒரே புத்தகத்தில். கறுப்பின மக்களைக் கடைக்குள் மதிக்காத காலம் அது. தபாலில் எழுதிப் போட்டால், வாங்குபவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்த மலிவுக் கிட்டார்களைச் செய்த பெரிய தொழிற்சாலைகளான ஹார்மனி, கே, வால்கோ மூன்றும் சிகாகோவில்தான் இருந்தன. ஹார்மனி சில பத்தாண்டுகள் சியர்ஸுக்கே சொந்தமாக இருந்தது. தெற்கில் தபால் வழியாகக் கிட்டார் வாங்கிய பையன்கள், பிறகு ரயில் ஏறி, அந்தக் கிட்டார் புறப்பட்ட ஊருக்கே வந்து சேர்ந்தார்கள்.

ஜிம்மி ரீட் 1950-களில் வெற்றிப் பாடல்களாக அடுக்கியவர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது கே நிறுவனத்தின் 'தின் ட்வின்' கிட்டார். எல்மோர் ஜேம்ஸ், டெய்லர் யாருடைய பாணியைப் பின்பற்றினாரோ அவர், சாதாரண மரக் கிட்டாரில் பிக்கப்பைப் பொருத்திக்கொண்டு வாசித்தார். எல்மோர் ஜேம்ஸ் மிசிசிப்பியில் கேன்டன் என்ற ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தவர். ஆம்பிளிஃபயரின் வயிற்றைத் திறந்து, ஒலியை எப்படி முரடாக்கலாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். வானொலிக்காரி என்பதால் எனக்கு இந்தத் தகவல் மேல் தனிப் பாசம்.

ஜே.பி. ஹட்டோவின் கிட்டார் இன்னும் வேடிக்கையானது. மாண்ட்கோமரி வார்டு கடைக்காக வால்கோ செய்த 'ஏர்லைன்'. உடல் மரம் கிடையாது, கண்ணாடி இழை. படகு செய்யும் பொருள். சிவப்பு நிறத்தில், விண்வெளிக் கலம்போல் கூர்கூராக இருக்கும்.

சியர்ஸ் 1962-ல் விற்ற சில்வர்டோன் வகை ஒன்றின் விலை 67 டாலர் 95 காசு. அந்த விலைக்குக் கிட்டார் மட்டும் இல்லை. கிட்டார் பெட்டிக்குள்ளேயே ஆம்பிளிஃபயரும் ஒலிபெருக்கியும் பொருத்தி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க: எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1954-ல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தபோது அதன் விலை சுமார் 250 டாலர். சில்வர்டோனைச் சியர்ஸுக்குச் செய்து கொடுத்த டேன்எலக்ட்ரோ நிறுவனம், செலவைக் குறைக்க மேசைத் தடுப்புக்குப் போடும் அழுத்தப் பலகையால் உடலைச் செய்தது. பிக்கப்பை மூடுவதற்கு உதட்டுச் சாயக் குழாய்களையே வாங்கிப் பயன்படுத்தியது.

குறை எங்கே வேலை செய்கிறது?

இந்த இடத்தில் நம் காதுக்குள் ஒரு பழகிய வசனம் ஒலிக்கும். "திறமை இருந்தால் போதும், கருவி முக்கியமில்லை." மேடைகளில் கைத்தட்டு வாங்கும் வசனம். டெய்லரைக் கவனமாகக் கேட்டால் இது சரியில்லை என்று புரியும். கருவி மிகவும் முக்கியம். தன் கருவியின் குறைகள் எங்கே இருக்கின்றன, அவற்றில் எது தனக்கு உதவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மலிவுக் கிட்டாரின் முதல் குறை, தந்தி மரத்திலிருந்து உயரமாக நிற்பது. விரலால் அழுத்தி வாசிப்பவருக்கு அது வேதனை. ஆனால் டெய்லர் நாற்காலிக் காலைத் தந்திமேல் சறுக்கி வாசித்தார். தந்தியை மரத்தோடு அழுத்த வேண்டியதே இல்லை. தந்தி உயரமாக இருந்தால்தான் உலோகம் மரத்தில் இடிக்காமல் வழுக்கிப் போகும். நம் கோட்டு வாத்தியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தந்திமேல் ஒரு கட்டையை உருட்டி, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே உள்ள இடமெல்லாம் வாசிப்பார்கள். அதுபோலத்தான். சுரத்தானக் கட்டைகள் சரியான இடத்தில் பதிக்கப்படவில்லை என்பது இரண்டாவது குறை. சறுக்கி வாசிப்பவருக்கு அதுவும் பொருட்டில்லை. சுரம் எங்கே இருக்கிறது என்று காது சொல்லும்.

மூன்றாவது குறை பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருப்பதுதான் பிக்கப். நல்ல பிக்கப்பை மெழுகில் ஊறவைத்து, கம்பி அசையாமல் கட்டிவிடுவார்கள். மலிவான பிக்கப்பில் பெரும்பாலும் அது நடக்காது. கம்பி தளர்வாக இருந்தால் பிக்கப் பாதி மைக் மாதிரி ஆகிவிடும். தந்தியின் ஒலியோடு, உடம்பில் கை படும் சத்தம், உலோகம் உரசும் சத்தம் எல்லாவற்றையும் பிடிக்கும். அதிகம் திறந்தால் ஊளையிடும். அடக்கத் தெரிந்தவர் கையில் அது உயிருள்ள ஒன்றாகிவிடுகிறது.

நான்காவது, அந்த வெடித்த ஒலிபெருக்கி. தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றினால், அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். மூல ஒலியில் இல்லாத புதிய மேல்ஒலிகள் அதனால் பிறக்கும். தொண்டை கட்டிய மனிதர் உரக்கப் பேசுவதுபோல் இருக்கும் அது. மதுக்கடையின் கூச்சலைக் கிழித்துக்கொண்டு கடைசி மேசை வரைக்கும் போகும். பேஸ் கிட்டார் இல்லாத குழுவில் காலியாகக் கிடந்த இடத்தை இந்த முரட்டு ஒலி நிரப்பியது.

ஆக, ஒவ்வொரு குறையும் அவர் வாசிக்கும் முறையில் ஓர் இடத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது. அதே கிட்டாரை வேறொருவர் கையில் கொடுத்து, வேகமாக விரல் ஓட்டி ஜாஸ் வாசிக்கச் சொன்னால் ஒரே நாளில் தூக்கி எறிந்திருப்பார்.

பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மலிவுக் கிட்டார் வாங்கினால் தவறில்லை. ஆனால் தந்தி உயரமாக இருந்தால் பிள்ளையின் விரல் புண்ணாகும், இரண்டே வாரத்தில் கிட்டார் அலமாரி மேல் போய்விடும். கடைக்காரரிடம் தந்தியை இறக்கித் தரச் சொல்லுங்கள். சுருதி ஏற்றும் முறுக்காணி வழுக்குகிறதா என்று பாருங்கள். பெயர் பெற்ற கிட்டாருக்குக் கூடுதலாக 500 வெள்ளி போடுவதைவிட, சாதாரணக் கிட்டாரைக் கையில் எடுத்து வாசிக்கும்படி சரிசெய்யச் சிறு தொகை கொடுப்பது மேல்.

வறுமையைப் பாராட்ட வேண்டாம்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

இந்தக் கலைஞர்கள் மலிவுக் கிட்டாரை வாங்கியது கையில் காசு இல்லாததால்தான். காசு வந்ததும் பலர் மாற்றிக்கொண்டார்கள். மடி வாட்டர்ஸை உலகம் அறிந்தது அவருடைய சிவப்பு ஃபெண்டர் டெலிகாஸ்டரோடு. பி.பி. கிங் தன் கிப்சன் கிட்டாருக்கு 'லூசில்' என்று பெயர் வைத்துக் கொஞ்சினார். டெய்லரின் குழுவிலேயே புரூவர் பிலிப்ஸ் வாசித்தது ஃபெண்டர்தான். நல்ல கருவி கலையைக் கெடுத்துவிடும் என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் கட்டிய கதை.

இன்றைய நிலவரம் அதைவிட வேடிக்கை. சிகாகோவின் மலிவுக் கிட்டார்களை ஜப்பானின் இன்னும் மலிவான கிட்டார்கள் வந்து தின்றன. கே நிறுவனத்தை 1967-ல் வாங்கிய வால்கோ, 1968-ல் கதவைச் சாத்தியது. அதன் பிறகு, சறுக்குக் கிட்டாரில் பேர்போன ரை கூடர் தன் விலையுயர்ந்த ஃபெண்டர் கிட்டாரில் பழைய டெய்ஸ்கோவின் பிக்கப்பைக் கழற்றிப் பொருத்திக்கொண்டார். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒயிட் மேடையில் சிவப்பு ஏர்லைனை மாட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான், ஏழையின் கிட்டார் சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டது. நகல்கள்கூடப் புதிதாகத் தயாராகின்றன. பழைய மலிவுக் கிட்டாரை இன்று மலிவாக வாங்க முடியாது.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது, கிட்டாரின் விலைக்குள் இரகசியம் எதுவும் இல்லை என்று தெரிகிறது. அப்படியென்றால் டெய்லரின் அந்தக் கரகரப்பு நம் காது வரைக்கும் எப்படி வந்தது? அதற்கு இன்னொரு மனிதர் தேவைப்பட்டார்.

அப்படியே பதிவு செய்தவர்

புரூஸ் இக்லாவர் என்ற இளைஞர் சிகாகோவில் டெல்மார்க் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில், பொட்டலம் கட்டி அனுப்பும் வேலையில் இருந்தார். 1970-ல் ஃப்ளோரன்ஸ் மதுக்கடையில் டெய்லரைக் கேட்டு மயங்கிப்போனார். இவரைப் பதிவு செய்யுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. தனக்கு வாரிசுச் சொத்தாக வந்த 2,500 டாலரை எடுத்துத் தானே பதிவு செய்தார். அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 23. டெய்லருக்கு 56.

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் நல்ல கிட்டாரை வாடகைக்கு எடுத்திருக்கலாம். கிழியாத ஒலிபெருக்கியை வைத்திருக்கலாம். பேஸ் வாசிக்க ஓர் ஆளைச் சேர்த்திருக்கலாம். "தரம்" என்ற பெயரில் எவரும் செய்யக்கூடியது அது. இக்லாவர் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தான் கேட்டது எதுவோ அது அப்படியே வேண்டும் என்று நினைத்தார். அதே கிட்டார், அதே ஆம்பிளிஃபயர், அதே மூன்று பேர். இரண்டு இரவுகளில் வேலை முடிந்தது. முதலில் 1,000 பிரதிகள் அடித்தார். காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வானொலி நிலையங்களுக்குப் போய், அறிவிப்பாளர்களைப் பார்த்துக் கையில் கொடுத்தார்.

அப்படி வாங்கிக்கொண்ட, பெயர் தெரியாத அந்த அறிவிப்பாளர்களை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இரவு வேளையில் ஓர் ஆள் வந்து ஓர் இசைத்தட்டை நீட்டுகிறார். ஊசியை வைத்தால் கரகரப்பு. அதை ஒலிபரப்புவதா, ஓரமாக வைப்பதா? சிலர் ஒலிபரப்பினார்கள். அதனால்தான் கதை தொடர்ந்தது.

டெய்லருக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு. 1975 டிசம்பர் 17-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் மேடையில் வாசித்ததன் பதிவு 1976-ல்தான் வெளிவந்தது. முதல் ஆல்பத்துக்கும் மரணத்துக்கும் நடுவே நான்கே ஆண்டுகள். நல்ல கருவி வரட்டும், வசதி வரட்டும், பிறகு பதிவு செய்யலாம் என்று அந்த 23 வயதுப் பையன் காத்திருந்தால், சிகாகோவின் தென்பகுதியில் ஆடிய சில நூறு பேரின் ஞாபகத்தோடு அந்த இசை முடிந்திருக்கும். நான் செத்த பிறகு, 'இவனுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் கேட்க நன்றாக இருந்தது' என்று ஊர் பேசும் என டெய்லரே சிரித்துக்கொண்டு சொன்னாராம்.

ஆயாக் கொட்டகையின் தாளம்

இப்போது என் வேலைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு தோட்டப்புறப் பாடல்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரித்தேன். கெடாவில், ஒரு பழைய தோட்டத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில், எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவரைப் பார்க்கப் போனோம். இளவயதில் பால்மரம் வெட்டியவர். பிறகு தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். விடியற்காலையில் தாய்மார்கள் வெட்டுக்குப் போனதும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தொட்டிலில் அழும். எல்லாரையும் ஒரே ஆள் ஆட்ட முடியுமா? காலி ரொட்டி டின் ஒன்றைத் தட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடுவாராம். அந்தத் தாளத்தைக் கேட்டால் அழுகை மெல்ல அடங்குமாம்.

நாங்கள் போனபோதும் மடியில் ஒரு ரொட்டி டின் இருந்தது. மூடி கொஞ்சம் நசுங்கி, தட்டும்போதெல்லாம் கிலுகிலு என்று அதிர்ந்தது. மேலே தகரக் கூரை. மூலையில் மேசை விசிறி. வெளியே சேவல், மோட்டார் சைக்கிள். உடன் வந்த ஒலிப்பதிவாளர் தம்பி, "பாட்டி, டின் இல்லாம ஒரு தடவை பாடுறீங்களா?" என்று பணிவாகக் கேட்டார். பாட்டி டின்னைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை.

"டின்னு இல்லாட்டி எங்க எடுக்கறதுன்னு தெரியலப்பா," என்றார்.

டின்னோடுதான் பதிவு செய்துகொண்டு வந்தோம். நான் அப்போது வேலை செய்த இடத்தில் பொறுப்பாளர் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். கெட்ட மனிதர் அல்ல. நேயர்கள் நிலையத்தை மாற்றிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு. "ஏம்மா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தகரச் சத்தம் காதைக் குத்துது. சாஃப்ட்வேர்ல எடுத்துடு. முடியலன்னா நல்லாப் பாடுற பொண்ணு யாரையாவது கூப்பிட்டு ஸ்டூடியோவுல பாட வெச்சிடலாம். கீபோர்டு சேர்த்துக்கலாம்," என்றார்.

நான் வாக்குவாதம் செய்யவில்லை. இரண்டு விதமாகவும் தயாரித்துக்கொண்டு போனேன். இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒரு மாதிரியைக் கற்றுக்கொண்டு, அதைப் போன்றதையெல்லாம் கழிக்கும். விசிறியின் சத்தம் மாறாமல் ஒரே மாதிரி ஓடுவதால் அது சுலபமாகப் போய்விட்டது. நசுங்கிய மூடியின் கிலுகிலுப்பு அப்படிப் போகவில்லை. பாட்டியின் பல் போன வாயிலிருந்து வரும் 'ச'வும் அந்தக் கிலுகிலுப்பும் ஒரே உயரத்தில் இருந்தன. டின்னை எடுத்தபோது பாட்டியின் சொற்களில் பாதியும் கூடவே போயிற்று. மிச்சம் இருந்தது தண்ணீருக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் கேட்டது. அதோடு, ஒவ்வோர் அடிக்கும் நடுவே பாட்டி விட்ட இடைவெளிகள் இப்போது வெறும் மௌனமாக நின்றன. உண்மையில் அவை டின்னுக்காக விட்ட இடங்கள்.

சுத்தம் செய்ததை முதலில் போட்டேன். பிறகு விசிறிச் சத்தத்தை மட்டும் குறைத்த பதிவைப் போட்டேன். பொறுப்பாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது டெய்லர்னு ஒருத்தர் வாசிச்ச கிட்டார் மாதிரி சார்," என்று சொல்ல வாயெடுத்தேன், தேவைப்படவில்லை. "சரி, ராத்திரி பத்தரைக்குப் போட்டுக்கோ," என்றார்.

ஆறு நிமிடம் ஒலிபரப்பானது. அழைப்புகள் குவிந்தன என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நான்கு பேர் அழைத்தார்கள். ஜொகூரிலிருந்து பேசிய ஒருவர், நடுவயதைத் தாண்டியவர், கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். "எங்க கொட்டகையிலயும் இப்படித்தான்மா டின்னு தட்டுவாங்க. பாட்டு எனக்கு மறந்துபோச்சு. அந்தச் சத்தம் மறக்கல," என்றார்.

ஆறு மாதம் கழித்துப் பாட்டி தவறிவிட்டார். பேரன் எனக்கு அழைத்து, பதினாறாம் நாள் காரியத்தில் போடுவதற்கு அந்தப் பதிவைக் கேட்டார். வெட்டாத, முழுப் பதிவையே அனுப்பி வைத்தேன். சேவலும் மோட்டார் சைக்கிளும் அதில் உண்டு.

இந்த வாரயிறுதியில்

நம் வீடுகளில் இன்னும் சில பாட்டிகள், தாத்தாக்கள், பெரியம்மாக்கள் இருக்கிறார்கள். பாட்டோ, பழைய கதையோ, தோட்டத்துப் பேச்சோ, யாரும் எழுதி வைக்காத ஏதோ ஒன்று அவர்களிடம் இருக்கிறது. "நல்ல மைக் வாங்கிட்டுச் செய்யலாம்," "தீபாவளிக்கு எல்லாரும் வரும்போது செய்யலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி இந்த வேலைக்குப் போதும்.

அதை மேசைமேல் அப்படியே வைக்காதீர்கள், மேசை அதிரும். மடித்த துண்டின்மேல் வைத்து அவர்கள் பக்கமாக நகர்த்துங்கள். தொடங்கும்போது அவர்கள் பெயர், ஊர், தேதி மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் கைவைக்காத ஒரு பிரதியை வேறோர் இடத்தில் சேமித்துவிட்டு, பிறகு வெட்டுவதானால் வெட்டுங்கள். அவர்கள் வெற்றிலை இடித்துக்கொண்டே பேசினால், இடிக்கட்டும். தொடையில் தாளம் தட்டினால், தட்டட்டும்.

விசிறியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திக்கொள்ளலாம். டின்னைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள்.